கயிற்றைப் பிடித்திருந்த கை

நீங்கள் பொய் எழுதினீர்கள். தெரிந்தே எழுதினீர்கள். அந்தப் பொய்யை டைப் அடித்தவள் நான்.

உங்கள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நீங்கள் நாவல் எழுதுகிறவர், நான் உங்கள் கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவள், அது போதும். படிக்கிறவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் வேலை. நீங்கள் துணிப்பையில் கட்டுக் காகிதத்தோடு வந்தீர்கள். பொடி எழுத்து, சாய்ந்த எழுத்து, அடித்துத் திருத்திய இடத்தில் அம்புக்குறி. மற்ற பிள்ளைகள் வேண்டாம் என்று தள்ளிவிட்டதால் என்னிடம் வந்தது. நாலாம் நாளே நமக்குள் சண்டை.

"ஏம்மா, இங்க 'பாகம்'னு அடிச்சிருக்கீங்க? நான் 'அடி'ன்னுதானே எழுதியிருந்தேன்?"

"சங்கு குளிக்கிறவன் அடிக்கணக்குலயா சார் ஆழஞ் சொல்லுவான்? ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். பாகத்துலதான் சொல்லுவான். ஒங்க கதையில வாரவன் சங்கு குளிக்கானா, இல்ல துணிக்கடையில வேட்டி கிழிக்கானா?"

கடைக்காரர் என்னை முறைத்தார். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர் என்றேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

நீங்கள் நல்ல மனிதர். இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டீர்கள். என் வீட்டுக்காரர் பேசும்போது குறிப்பெடுக்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். எழுதுகிறவன் என்றால் எங்களைக் கண்காட்சி மாதிரி பார்ப்பான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிறது. இப்போது சங்குதான். படகில் இருக்கிற கம்ப்ரசரிலிருந்து ஒரு நீளமான குழாய் வழியாகக் காற்று வரும். குளிக்கிறவர் அதன் முனையை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார். இடுப்பில் ஈயக்கட்டி, ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை படகில் இருக்கிற ஒருவர் கையில். ஒரு சுண்டு சுண்டினால் சங்குப் பையைத் தூக்கு என்று அர்த்தம். விடாமல் சுண்டினால் ஆளைத் தூக்கு.

அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடிக்க முடியாது. மச்சினன்தான் பிடிக்க வேண்டும். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. முத்துக்குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். காரணம் எளிது. கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்குச் சொத்துச் சண்டை இருக்கும், கூட்டாளிக்குப் பொறாமை இருக்கும். மச்சினன் கயிற்றை விட்டால் அறுவது அவன் அக்காள் தாலி. அதனால் விடமாட்டான். எங்கள் வீட்டில் அந்தக் கயிற்றைப் பிடித்தவன் என் தம்பி. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. அதிகம் பேசமாட்டான், கேட்ட கேள்விக்கும் பாதிப் பதில்தான் வரும்.

படகில் வருகிறேன் என்று நீங்கள் கேட்டீர்கள். கூட்டிக்கொண்டு போனார்கள். படகில் நாலு பேர்: என் வீட்டுக்காரர், தம்பி, படகை ஓட்டுகிற பெரியவர், நீங்கள். வழியெல்லாம் "நானும் ஒருதடவ கயிறு பிடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களாம். என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டே சொன்னாராம்: "பிடிக்கலாம் சார், அதுக்கு மொதல்ல ஒங்க தங்கச்சிய எனக்குக் கெட்டிக் குடுக்கணும். எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அவகிட்ட நீங்களே பேசிருங்க." எல்லோரும் சிரித்தீர்களாம். இதை அவர் பின்னால் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. "ஒங்க வாயில கொள்ளிக்கட்டையத்தான் வைக்கணும்" என்றேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மத்தியானம் படகு வந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கீழே காற்று நின்றுபோய், ஈயத்தைக் கழற்றிவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார். பத்துப் பாகத்திலிருந்து அப்படி வரக்கூடாது, நின்று நின்றுதான் வர வேண்டும். காற்று ஏன் நின்றது, தூக்க வேண்டியவன் ஏன் தூக்கவில்லை? தம்பியைக் கேட்டேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"கயித்த நான் விட்டுட்டேங்கா."

"ஏம்ல விட்ட?"

"விட்டுட்டேன். அவ்வளவுதான். கேக்காத."

அன்றிலிருந்து இன்றுவரை அவன் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை. ஒன்பது நாள் இருந்தீர்கள். என் வீட்டுக்காரருக்கு மலப்பாத்திரம் எடுத்து வைத்தீர்கள், கழுவினீர்கள். நான் தடுத்தபோது, "நீங்க போய் ஒரு மணி நேரம் படுங்கம்மா" என்றீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் உங்களை என் அண்ணன் என்றே நினைத்தார். உங்களைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பாத்திரத்தைக் கழுவிய கையும் அந்த அத்தியாயத்தை எழுதிய கையும் எப்படி ஒரே உடம்பில் இருக்கிறது?

அவர் ஆறு மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தார். கடலுக்குப் போவது முடிந்தது. மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு பெட்டிக்கடை வைத்தோம். நான் டி.டி.பி. வேலையை விடவில்லை. அப்போதுதான் நீங்கள் பதினேழாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்தீர்கள்.

ஏழு பக்கம். மற்றப் பக்கங்களில் இருக்கிற அடித்தல் திருத்தல் அதில் இல்லை. ஒரே ஓட்டத்தில் எழுதியிருந்தீர்கள். அதில் படகில் நாலாவது ஆளாக மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர் வருகிறார். கம்ப்ரசரின் பெல்ட் நழுவுகிறது. அதைச் சரிசெய்ய ஓட்டுகிறவருக்கு இன்னும் ரெண்டு கை வேண்டும். மச்சினன் ஒரு நிமிஷம் கயிற்றைக் கண்ணாடிக்காரர் கையில் கொடுக்கிறான். விருந்தாளி, காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஒரு நிமிஷம்தானே என்று கொடுக்கிறான். கண்ணாடிக்காரர் காலை அகட்டி, நன்றாக ஊன்றி நிற்கிறார். ஊன்றிய கால் காற்றுக் குழாயின் மேல். கயிறு துடிக்கிறது. அவருக்குப் பயம். விட்டுவிட்டால் ஆள் போய்விடுவான் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, காலையும் இன்னும் அழுத்தி ஊன்றுகிறார். மச்சினன் திரும்பிப் பார்க்கிறான். திட்டவில்லை. குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்து, ஒரு சாமானை நகர்த்துவது மாதிரித் தூக்கி நகர்த்திவிட்டு, தண்ணீருக்குள் போடுகிற கண்ணாடிகூட மாட்டாமல் கடலில் குதிக்கிறான். பாதி ஆழத்தில் மயங்கி மேலே வருகிறவரைப் பிடித்துப் படகுக்குக் கொண்டுவருகிறான். பிறகு கண்ணாடிக்காரரிடம், "நான் விட்டுட்டேன்னு சொல்லுதேன். நீங்க வெளியூர்க்காரர், ஒங்கள அடிச்சிருவாங்க" என்கிறான்.

வேறு யார் எழுதியிருந்தாலும் கற்பனை என்று நினைத்திருப்பேன். அந்தப் படகில் மூக்குக்கண்ணாடி போட்டவர் நீங்கள் ஒருத்தர்தான். அந்தக் கணுக்காலும் உங்களுடையது. என் தம்பி பாதிப் பதில் சொன்ன இடத்தில் மீதிப் பதிலை நீங்கள் எழுதியிருந்தீர்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். "நல்லா வந்திருக்கு சார்" என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும்? நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபமே வரவில்லை. ஒரு மனிதன் தன் தப்பைத் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறான். புத்தகம் வரட்டும், தம்பி தலை நிமிர்ந்து நடப்பான் என்று இருந்தேன்.

பதினோரு நாள் கழித்து வந்தீர்கள். கையில் வேறு பக்கங்கள். "பதினேழ மாத்திட்டேம்மா. அதே ஃபைல்லயே மாத்திருங்க, பழசு வேண்டாம்" என்றீர்கள்.

புதிய பதினேழில் மூக்குக்கண்ணாடிக்காரர் இல்லை. படகில் மூன்றே பேர். மச்சினன் வெயிலுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். கயிறு அவன் கையிலிருந்து நழுவுகிறது. குளிக்கிறவர் தன்னந்தனியாகப் போராடி மேலே வருகிறார். கால் போகிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில், காலில் விழுந்து அழும் மச்சினனைத் தூக்கி நிறுத்தி மன்னிக்கிறார்.

நான் அடித்தேன். பழையதை அழித்துவிட்டு அதே ஃபைலில் அடித்தேன். கதைதானே, எழுதினவருக்கு உரிமை இருக்கிறதே என்று நினைத்தேன். அன்றைக்கு நான் எழுந்து நின்று "முடியாது சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். இது என் பங்கு. இதை யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

புத்தகம் வந்தது, பரிசு வந்தது. அந்த மன்னிப்புக் காட்சியைத்தான் எல்லோரும் சொன்னார்கள். சாமானிய மனிதனைக் காவிய நாயகன் ஆக்கிவிட்டீர்களாம். மனிதநேயம் ததும்புகிறதாம். என் வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுத்தீர்கள். அவர் அதைப் பெட்டிக்கடையில் ஆத்தூர் வெற்றிலைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சிகரெட் வாங்க வருகிறவனிடமெல்லாம், "அண்ணாச்சி, இதுல வாரது நாந்தான்" என்பார். அதே கடையில் சோடா வாங்க வந்த தம்பி ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். சோடாவைக் குடித்துவிட்டுப் போனான்.

பிறகு அவனைக் கயிறு பிடிக்க யாரும் கூப்பிடவில்லை. குடோனில் மூட்டை தூக்குகிறான். படகு ஓட்டிய பெரியவர் ரெண்டு வருடத்தில் காலமானார். பதினேழாம் அத்தியாயம் கல்லூரியில் பாடமாக வந்தது. கடற்கரையில் புத்தகம் படிக்காதவனுக்கும் அந்தக் கதை தெரியும்.

போன வருடம் என் தங்கச்சியைத் தருவைகுளத்தில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளையும் சங்கு குளிக்கிறவர். முறைப்படி கயிறு பிடிக்க வேண்டியவன் என் தம்பி. இந்தச் சங்குப் பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் புதுக் கயிறு வாங்கிக்கொண்டு போனான். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஒரு மச்சான் கால முடக்குனது போதும். எம்மவன் உசுர ஒங்கிட்டத் தரமாட்டேன். காலேஜு புக்குலயே போட்டிருக்கான், நீ தூங்குனவன்னு."

கயிற்றை அப்படியே என் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். இப்போது தங்கச்சி மாப்பிள்ளைக்குக் கூலிக்கு வந்த ஒருவன் கயிறு பிடிக்கிறான். படகு திரும்பி வருகிறவரை தங்கச்சிக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்றைக்குத்தான் உங்கள் மற்ற நாவல்களைத் தேடி எடுத்தேன். நூலகத்தில் ஆறு இருந்தது, ஆறையும் படித்தேன். திட்டுவதற்காக ஆரம்பித்தேன். போகப் போக எனக்கு வேறொன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லாரி ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரி ஆயா, பிணவறைக் காவலாளி, எல்லாம் நல்ல மனிதர்கள். படிக்கும்போது ரெண்டு இடத்தில் அழுதேன், மறைக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு கதையிலும் பக்கத்தில் ஒரு சோம்பேறியோ கோழையோ இருக்கிறான். அவன் தப்புச் செய்கிறான், இவர் மன்னிக்கிறார். ஆறிலும் அதே கதை. உங்கள் நாயகர்களுக்கு மன்னிக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. வெயிலில் ஒரு விருந்தாளி காலை மாற்றி வைத்ததற்கு யாரை மன்னிப்பது? அதனால்தான் மாற்றினீர்களா? இல்லை, பயமா? இல்லை, அந்த ஏழு பக்கத்தைப் படித்த யாரோ ஒருவர், இதை வெளியிட்டால் உங்கள் பெயர் போகும் என்று சொன்னாரா? அந்தப் பதினோரு நாளில் என்ன நடந்தது? எனக்கு ராத்திரி பகல் இதுதான் யோசனை.

கல்லூரியில் உங்கள் கூட்டத்துக்கு வந்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, என் தம்பி தூங்கினான் என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். நீங்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டீர்கள், மைக்கைக் கை மாற்றிப் பிடித்தீர்கள்.

"அம்மா, நாவல்ல வர்றவங்க யாரும் உண்மையான மனுஷங்க இல்ல. அது கற்பனை" என்றீர்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அப்ப முன்னுரையில எங்க வீட்டுக்காரருக்கு எதுக்கு நன்றி போட்டிருக்கீய? 'இந்த மாமனிதர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்'னு. நல்லது செஞ்சா நெசம் ஆளு, தூங்குனா கற்பனையா சார்?"

யாரும் கைதட்டவில்லை. மைக்கை வாங்கி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நேரே பெட்டிக்கடைக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "விடுளா. மனுசன் நமக்கு ஒம்பது நாளு பீ அள்ளிருக்காரு" என்றார்.

"அள்ளுனாரு. நான் இல்லன்னு சொன்னனா? எந் தம்பி கயித்த விட்டானா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லுங்க."

மடிப்பதை நிறுத்தினார். வெற்றிலை கையிலேயே இருந்தது. பிறகு சொன்னார்: "அவங் கையி இல்ல அது."

"என்னது?"

"எட்டு வருசம் ஒருத்தன் கயிறு பிடிச்சா கீழ தெரியும்ளா. ஒந் தம்பி பிடிச்சா, பிடிச்சிருக்கதே தெரியாது. லேசா இருக்கும், மூச்சு விடுத மாதிரி குடுப்பான், வாங்குவான். அன்னைக்குக் கொஞ்ச நேரம் கொடிக்கம்பத்துல கெட்டுன மாதிரி இருந்துச்சு. வேற கையின்னு எனக்குக் கீழயே தெரியும்."

"பன்னெண்டு வருசமா தெரியுமா?"

"தெரியும்."

"பெறவு ஏம் வாயத் தொறக்கல?"

அவர் கடையில் இருக்கிற அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். "கால் போச்சு. கடல் போச்சு. அது ஒண்ணுதான் மிஞ்சிச்சு. நாஞ் சொன்னா அதுவும் பொய்யாப் போயிருமேன்னு இருந்துட்டேன்."

அவரை நான் அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றியது. மறுநாள் அவரே கம்பை எடுத்துக்கொண்டு தருவைகுளத்துக்கு பஸ் ஏறினார். நானும் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னார், கை வித்தியாசத்தையும் சொன்னார். அந்த அம்மா மரியாதையாகக் காப்பி கொடுத்தாள்.

"நீரு ஒம்ம மச்சினனுக்காகப் பேசுதீரு. பேசணும், அதுதான் முறை. ஆனா தண்ணிக்குள்ள கெடந்த ஆளு மேல நடந்தத எப்படிப் பாத்தீரு? புக்கு எழுதுனவரு கூடப் போயி பாத்து எழுதுனவரு. அவரு வந்து சொல்லட்டும், நானே ஒம்ம மச்சினன் கையில கயித்தக் குடுக்கேன்."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. தன் மகன் உயிர் அவளுக்கு. பெரியவர் இறந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தண்ணீருக்கடியில் இருந்தார். என் தம்பி உங்களுக்குக் கொடுத்த வாக்கை இன்னும் காப்பாற்றுகிறான். நான் அழித்த ஃபைல் அழிந்ததுதான், கடையையே மூடிவிட்டார்கள். மீதி இருப்பது நீங்கள் ஒருத்தர்.

எழுதிய எதையும் கிழிக்க மாட்டேன், அடித்த பக்கம்கூடப் பெட்டியில் இருக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த ஏழு பக்கமும் உங்களிடம் இருக்கிறது. பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. புத்தகத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. அந்த மனிதன் உங்கள் கணுக்காலைத் தூக்கி நகர்த்தினானே, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு தருவைகுளத்துக்கு வாருங்கள். படகுகள் கரையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோவில் முற்றத்தில் எல்லோரும் நிற்கிற நேரம். மைக் நாங்கள் வைக்கிறோம். அந்த ஏழு பக்கத்தையும் உங்கள் வாயால் வாசியுங்கள். பக்கம் இல்லை என்றால் அதையும் அங்கே நின்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஊர் முன்னால் என் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அன்றைக்குக் காற்று நின்றபோது, கயிறு யார் கையில் இருந்தது?